நூலில் போகும் குடைகள்

குடைகள் குடோனில் கிடக்கும்போது எங்கோ மழை பெய்தது. லாரி அங்கே போய்ச் சேரும்போது வெயில் அடித்தது. வெறுத்துப்போன மேனேஜர் கோதண்டம் தையல் மெஷினையும் லாரியையும் ஒரே நூலால் இணைத்துவிட்டார். அன்றுமுதல் சவரிராயன் வெறும் லாரியைத்தான் ஓட்டிப்போனான். யாராவது நனைவதைப் பார்த்தால் நூலை ஒருமுறை சுண்டுவான். ஆலையில் அவன் மனைவி பிலோமினா உடனே ஒரு குடை தைத்து, வளைந்த பிடியை நூலில் மாட்டிவிடுவாள். அது சுவரைத் தாண்டி, வயல்களுக்கு மேலே மிதந்து, நனைகிறவர் கையில் போய் இறங்கும். குடோன் காலியாகவே கிடந்தது. கோதண்டத்துக்கு அதில் அவ்வளவு பெருமை.

இன்று காலையிலிருந்து நூல் அதிர்ந்துகொண்டே இருந்தது. மதியத்துக்குள் கறுப்புத் துணி முழுக்கத் தீர்ந்துபோனது.

"போதும்மா, நூலைக் கழட்டிட்டுக் கிளம்பு," என்றார் கோதண்டம்.

பிலோமினா கையை வைத்தபோது நூல் மறுபடி அதிர்ந்தது. மெதுவாக, இரண்டு முறை.

"சார், அவரு வீட்டுக் கதவ இப்படித்தான் தட்டுவாரு."

"அதனால?"

"இப்ப நனையறது அவருதான்."

கோதண்டம் காலி அலமாரிகளைப் பார்த்தார். பிலோமினா தன் மஞ்சள் முந்தானையை ஊசிக்கு அடியில் விரித்து, கம்பிகளோடு சேர்த்துத் தைத்தாள். பிடியை நூலில் மாட்டினாள். புடவையிலிருந்து வெட்டிவிட அவர் கத்தரிக்கோலை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. குடை அவளையும் சேர்த்துக்கொண்டு நகர ஆரம்பித்தது.