வாளியில் விஷச்சங்கு

பாளையங்கோட்டைக் கல்லூரி ஆசிரியை ஸ்வீட்லின் கேட்ட விஷச்சங்குகளை, சங்கு குளிக்கும் கிழவர் கஸ்பார் உயிரோடு வாளியில் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். ஆனால் வாளியைக் கொடுக்கவில்லை.

"இத வச்சி என்ன செய்யப் போறீய?"

"இந்த விஷத்துல வலிக்கு மருந்து இருக்கு, அண்ணாச்சி. புத்துநோய்க்காரங்களுக்குக்கூட வலி தெரியாது."

"படிச்சவங்க வாய்க்கு வந்தத சொல்லுவீய."

"நெசமாத்தான். வீட்டுல யாருக்காவது சீக்கா?"

"இல்ல. என் மவன் அழகா இருக்குன்னு ஒண்ண எடுத்து இடுப்புப் பையில போட்டான். அது கொட்டித்தான் செத்தான். அவனுக்கும் வலிச்சிருக்காதோ?"

ஸ்வீட்லின் தயங்கினாள். "வலிச்சிருக்காது, அண்ணாச்சி."

கஸ்பார் வாளியைக் கடலில் கவிழ்த்தார்.

"அவன் கத்துனப்ப தலை என் மடியிலதான் கெடந்துச்சு, டீச்சர்."