மாப்பிள்ளை பெயர் கட்டாயம்

ஒஹாயோவில் அம்மா வீட்டுச் சமையலறை. மேசையில் லொரெட்டா, எதிரே மடிக்கணினியுடன் தங்கை டார்லா, ஜன்னலோரம் அம்மா.

“சொந்தக்காரங்க வாங்கித் தர என்னென்ன பரிசு வேணும்னு பட்டியல் போட, இது நாலாவது வெப்சைட்டு, அக்கா. இதுவும் மாப்பிள்ளை பேரு, கல்யாணத் தேதி குடுத்தாத்தான் உள்ள விடுது.”

“குழந்தை பொறக்கப்போகுதுன்னு போடுடி,” என்றாள் அம்மா.

“பிரசவத் தேதி கேக்கும்மா!”

லொரெட்டா கொதித்தாள். “புதுசா கட்டிக்கிறவளுக்கு மட்டும்தான் டோஸ்டர் வேணுமா? தீர்ப்பு வந்த மறுநாளே வேன் கொண்டாந்து காபிக் கோப்பை வரைக்கும் அள்ளிட்டுப் போயிட்டான். விவாகரத்து ஆனவ எதுல குடிப்பா?”

அம்மா காகிதத்தை நீட்டினாள். “கையால எழுது. உன் கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கே அனுப்பு.”

“நீங்கள் தந்த டோஸ்டர் உங்கள் மகனிடம் இருக்கிறது, வாங்கி அனுப்பவும்” என்று முன்னாள் மாமியாருக்கு முதல் கடிதத்தை எழுதி, உறையை ஒட்டித் தபால்பெட்டியில் போட்டாள் லொரெட்டா.