காருக்கு அறுத்த பூசணி

லிங்கராஜபுரத்துச் சந்தில் ஆயுத பூஜை வெயில் சாய்கிறது. முரளீதரனின் புதுக் காருக்கு முன்னால், அவர் மனைவி சுகந்தி வளர்த்த சாம்பல் பூசணி உட்கார்ந்திருக்கிறது. காம்பின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. ஆடியில் விதை போட்டு, கடை உரமோ மருந்தோ படாமல், சாணியும் மக்கிய இலையும் தின்று வளர்ந்த ஒரே காய். அந்தக் கொடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியறியாத மகானுபாவர், அவள் குளிக்கப் போன நேரத்தில் அறுத்துவிட்டார். செவந்திப் பாத்தியும் மொட்டை. பூவெல்லாம் பானட்டின் மேல் கிடக்கின்றன. "ஆர்கானிக் காய்ம்மா, பவர் ஜாஸ்தி. திருஷ்டியெல்லாம் சுத்தமா போயிடும்," என்கிறார், குளித்து வந்தவளிடம், ஏதோ கண்டுபிடித்தவர்போல. காயின் மேல் கற்பூரம் ஏற்றித் தூக்கிக்கொண்டு, தொப்பை குலுங்கக் காரைச் சுற்றுகிறார். கற்பூரம் விரலைச் சுட, துள்ளிக் காயைப் போட்டு உடைத்துவிடுகிறார். உள்ளே திணித்த கடைக் குங்குமம் வெள்ளைச் சதையெங்கும் ஓடுகிறது. "வீணா போவானேன்? உன் எருக்குழியில போட்டுடு," என்கிறார் பெருந்தன்மையாக. சுகந்தி குனிந்து ஒரு துண்டை எடுக்கிறாள். விரலில் ஒட்டிய சிவப்பைப் பளபளக்கும் கார்க் கதவில் நிதானமாகத் துடைக்கிறாள். "எல்லாம் சாயம். எருவுக்குக்கூட லாயக்கில்ல," என்கிறாள், அவரை மேலும் கீழும் பார்த்து.