குண்டு பட்ட லாரி

பட்டாளத்தில் ஓடி ஓய்ந்த லாரி ஒன்று கொட்டகையில் நின்றது. அதன் என்ஜினுக்குள் ஓர் ஓணான் குடியிருந்தது. பழைய வண்டிகள் மேல் பித்துக்கொண்ட மணவாளனும் எபநேசரும் லாரியை வாங்கியபோது, "மறுபடி ரோட்டுல ஓடப் போறேன்!" என்று லாரி பூரித்தது. ஓணான் தலையாட்டியது.

வந்தவர்கள் என்ஜினைத் தொடவே இல்லை. எந்தப் போருக்குப் போன வண்டி என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமாம். பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டிச் சண்டை போட்டார்கள். ஒருநாள் முன் பம்பரில் ஓர் ஓட்டை அகப்பட்டது.

"குண்டு துளைச்சிருக்குய்யா!" என்றார் எபநேசர்.

"எல்லையில வாங்கின காயம்," என்று கண்கலங்கினார் மணவாளன்.

"அட தலையெழுத்தே!" என்று லாரி கத்தியது. "நான் முகாமுக்கு வெங்காயம் ஏத்தினவன். அது எலுமிச்சம்பழம் கட்ட டிரைவர் போட்ட ஓட்டை. எனக்கு ஒரு டீசல் குழாய் மாத்தினாப் போதும். நீயாவது சொல்லேன்!"

ஓணான் தலையாட்டியது.

"அவங்க பேசினப்பவும் ஆட்டினியே?"

"எல்லாருக்கும் ஆட்டுவேன். அதனாலதான் இன்னும் கல்லடி படாம இருக்கேன்."

போரில் காயம்பட்ட வண்டியை ஓட்டுவது மரியாதை இல்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு லாரியைப் போர் நினைவுச்சின்னமாக மேடையில் ஏற்றினார்கள்.

திறப்பு விழாவன்று, கண் பட்டுவிடக் கூடாதென்று மணவாளன் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வந்தார். கட்ட இடம் தேடி, கடைசியில் குண்டு ஓட்டையில் கயிற்றை நுழைத்தார்.

"அளவெடுத்துப் போட்ட மாதிரி இருக்கே!" என்றார் எபநேசர்.

வீடிழந்து டிரைவர் சீட்டுக்கு வந்திருந்த ஓணான் தலையாட்டியது.