ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு வந்த அழைப்பு

"வீடு தேடி வந்துட்டீங்க, உக்காருங்க. ஆனா அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க, ஐயா."

ஆம்ப்ரோஸ் பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் தள்ளினார். சாயப்போன அதைப் போதகர் பிடித்து நிமிர்த்தி உட்கார்ந்தார். காக்ஸ் டவுனில், ரயில் பாதையை ஒட்டிய ஒற்றை அறை வீடு. கூட்ஸ் ஷெட்டில் அன்றைக்கு இறக்கிய சிமெண்ட், குளித்த பிறகும் ஆம்ப்ரோஸின் காது மடலில் ஒட்டியிருந்தது.

"நான் எதுக்கு வந்தேன்னா..."

"தெரியும். உங்க சபைச் செக்ரட்டரி காலையில பஸ் ஸ்டாப்புல என் கையைப் பிடிச்சுக் குலுக்குறாரு. 'உங்க குடும்பத்துல ஒருத்தரை ஆண்டவர் ஊழியத்துக்குக் கூப்பிட்டிருக்காரு, குடுத்து வச்சவர் நீங்க'ங்கறாரு. ரெண்டு வருஷம் வேதாகமப் பள்ளியாம். அங்கேயே தங்கணுமாம். ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல."

"அதைச் சொல்லத்தான்..."

"என் பையன் ரூபன் வேலைக்குச் சேர்ந்து முழுசா ரெண்டு மாசம் ஆகலை. வைட்ஃபீல்ட்ல கம்ப்யூட்டர் கம்பெனி. வீட்டு முக்குக்கே பஸ் வந்து கூட்டிட்டுப் போகுது. இவ்வளவு நாளா என் முதுகு வளைஞ்சுதான் அவன் படிச்சான். இன்னும் ஒரு வருஷம் மூட்டை தூக்கினா படுக்கைதான்னு டாக்டர் சொல்லியாச்சு. இப்ப வந்து அவனைக் குடுன்னா?"

ஆம்ப்ரோஸின் மனைவி வனஜா காபியுடன் வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை முடிந்து வந்தவள் யூனிஃபார்ம் சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"கத்தாம நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றாள்.

"நீ சும்மா இரு. மகனுக்கு வக்காலத்தா? தாயும் பிள்ளையும் சேர்ந்து எனக்குத் தெரியாம பேசி முடிச்சிருக்கீங்க."

வனஜா டம்ளரைப் போதகரிடம் கொடுத்தாள். கணவரின் டம்ளரை ஜன்னல் திட்டில் 'டக்'கென்று வைத்துவிட்டு அடுப்பு மூலைக்குப் போனாள்.

போதகர் மெதுவாக ஆரம்பித்தார். "இது திடீர்னு எடுத்த முடிவு இல்லைங்க. மூணு வருஷமா ஜெபிச்சு, பயந்து, மறுபடி ஜெபிச்சு..."

"மூணு வருஷமா? ரூபனா?" ஆம்ப்ரோஸ் சிரித்த சிரிப்பில் கோபம்தான் இருந்தது. "சாப்பிடறதுக்கு முன்னால கண்ணை மூடுடான்னா, ஒரு கண்ணால கறித்துண்டை எண்றவன் அவன். யாரை ஏமாத்துறீங்க?"

போதகர் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் தட்டியது. பக்கத்து வீட்டு எத்திராஜ்.

"அண்ணே, அக்காவைக் கொஞ்சம் அனுப்புங்க. பாப்பாவுக்கு ஜுரம் இறங்கவே மாட்டேங்குது. ஊசி போட்டாச்சு. அக்கா வந்து ஒரு ஜெபம் பண்ணாத்தான் என் பொண்டாட்டி அழுகையை நிறுத்துவா."

"இதோ, போதகரே உக்காந்திருக்காரு. இவரைக் கூட்டிட்டுப் போ. எனக்கும் நிம்மதி."

எத்திராஜ் போதகரைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டான். "பரவால்லண்ணே, அக்காவே வரட்டும்."

வனஜா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுப் போனாள்.

ஆம்ப்ரோஸ் குரலைத் தாழ்த்தினார். கோபம் தாழவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்குறேன். இயேசு யாரைக் கூப்பிட்டாரு? வலை இழுத்துக் கை காய்ச்சுப் போனவங்களை. நீங்க யாரைக் கூப்பிடுறீங்க? இங்கிலீஷ் பேசுறவனை. டை கட்டுனவனை. இருபத்தஞ்சு வருஷமா அந்தக் கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கோம். எங்களைப் பெருக்கச் சொன்னீங்க. பந்தல் போடச் சொன்னீங்க. செத்தா குழி வெட்டச் சொன்னீங்க. ஒரு நாளாவது, 'நீ எழுந்து ஜெபம் பண்ணு'ன்னு எங்கள்ல ஒருத்தரைச் சொன்னீங்களா?"

போதகர் டம்ளரைத் தரையில் வைத்தார். "சொல்லலைங்க. தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டா சரியாப் போச்சா? எங்களுக்கு வாய் இல்லியா? எங்க வாயிலேர்ந்து வந்தா ஆண்டவர் காதுல ஏறாதா? நாங்க கஷ்டப்பட்டு ஒருத்தனைப் படிக்க வச்சு ஆளாக்கினதும், மோப்பம் பிடிச்ச மாதிரி வந்து நிக்கிறீங்க."

வெளியே ஒரு கூட்ஸ் வண்டி நீளமாக ஓடி முடித்தது.

"கூப்பிடணும்னா எங்களை மாதிரி ஒரு ஆளைக் கூப்பிடுங்க" என்றார் ஆம்ப்ரோஸ். "சந்தோஷமா அனுப்புறேன். படிச்ச பிள்ளையைத் தொடாதீங்க."

"நிஜமாவே அனுப்புவீங்களா?"

"எனக்கு ரெண்டு நாக்கு கிடையாது."

போதகர் பைபிளுக்குள்ளிருந்து மடித்த படிவம் ஒன்றை எடுத்துப் பிரித்து, கீழே கோடு போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து வேணும்."

ஆம்ப்ரோஸ் எழுந்தே விட்டார். "இவ்வளவு சொல்லியும் காகிதத்தை நீட்டுறீங்களே, உங்களுக்கு என்ன மனசு? இருபத்திமூணு வயசுப் பையன் போறதுக்கு அப்பன் கையெழுத்து எதுக்கு?"

"அப்பன் கையெழுத்தை நான் கேக்கலைங்க" என்றார் போதகர். "இது புருஷன் கையெழுத்து."

எத்திராஜ் வீட்டிலிருந்து திரும்பி வாசலில் நின்றிருந்த வனஜா உள்ளே வந்து, போதகரின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி மூடியைக் கழற்றி, "இந்தாங்க" என்று கணவரிடம் நீட்டினாள்.