மேலே தள்ளினால் ஆஃப்

“மேல தள்ளுனா ஆஃப். எத்தன தடவ சொல்றது ஒனக்கு?”

மெயின் பெட்டி முன்னால் நின்றபடி புருஷன் தவசீலன் கத்தினான்.

வீட்டு லைட் சுவிட்ச் எல்லாம் அப்படித்தான். கீழே அமுக்கினால் எரியும். மேலே அமுக்கினால் அணையும். இது அப்படி இல்லை. புயலுக்கு முன்னால் மீட்டர் மாற்ற வந்தவர், இதைக் கீழே இறக்கித்தான் வீட்டை இருட்டாக்கினார்.

கண்ணால் பார்த்தவள் அவள்.

சொன்னாள்.

“நீ என்ன வயர்மேனா?” என்றான்.

அவனும் வயர்மேன் இல்லை. உரக்கடையில் மூட்டை தூக்குகிறவன். ஆனால் ஒயரைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவன் ரிப்பேர் பார்த்ததிலிருந்து ஃப்ரிட்ஜைச் செருப்பு போடாமல் திறக்க முடியாது. கேட்டால், லேசா சுர்ருங்கும், பழகிடும் என்பான்.

பழகியும் போனது. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

இப்போது வாடகை ஜெனரேட்டர். கொல்லையில் நிற்கிறது. அதற்கென்று அவனே ஒரு ஒயர் செய்திருந்தான். இரண்டு முனையிலும் பிளக். ஒன்றை ஜெனரேட்டரில் சொருகி, மற்றதைச் சுவரில் சொருகினால் வீடு மொத்தத்துக்கும் கரண்ட். மெயினை ஆஃப் பண்ணிவிட்டால் தெருக் கம்பிக்குப் போகாது.

மெயின் மேலேதான் நின்றது.

கரண்ட் இல்லாத வீட்டில் அது ஆன்தானா, ஆஃப்தானா என்று எதை வைத்துச் சொல்வது?

பொழுது மசங்கிக்கொண்டு வந்தது. வாசல் கம்பத்தில் லைன்மேன் ஏறப் போனார். வெளியூர்க்காரர். சின்ன வயசு. கையுறை இல்லை. புயலில் அறுந்தது போக அந்தக் கம்பியில் மிச்சம் இரண்டே வீடு. இவர்கள் வீடும் எதிர்வீடும்.

“அண்ணே, மெயின் ஆஃப்தான?”

“அதெல்லாம் பண்ணியாச்சு. நீ ஏறுப்பா.”

தவசீலன் கொல்லைக்குப் போய்க் கயிற்றை இழுத்தான். ஜெனரேட்டர் இருமிப் பிடித்துக்கொண்டது. மோட்டார் ஓடியது. காய்ந்து கிடந்த தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்.

அவளுக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டில் பிள்ளைகள் கைதட்டின.

“ஐ! கரண்டு வந்துருச்சு!”

எதிர்வீட்டில் ஜெனரேட்டர் கிடையாது.

அவள் மெயினைக் கீழே இழுத்தாள்.

எதிர்வீட்டு விளக்கு அணைந்தது. இங்கே மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

வாசலுக்கு ஓடினாள். லைன்மேன் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

“எவன்டா அது? கைய வெச்சிருந்தா இந்நேரம் கருகியிருப்பேன்!”

“இப்ப இல்ல தம்பி. நான் ஆஃப் பண்ணிட்டேன்.”

“நெசமாவாக்கா?”

“என் புள்ள சத்தியமா.”

அவர் எதிர்வீட்டைப் பார்த்தார். இருட்டு. இவள் முகத்தைப் பார்த்தார். உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கம்பியை எட்டினார்.

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மேல தள்ளுனா ஆஃப்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. இதக் கீழ எறக்குனது யாரு?”

டக்.

எதிர்வீட்டில் பிள்ளைகள் மறுபடியும் கைதட்டின.