அசையாத முள்

எடை மெஷினில் ஏறி நின்ற பிரேம்குமார் குனிந்து பார்த்தான். முள் போன வாரம் காட்டிய இடத்தையே காட்டியது.

"சோத்தத் தொட்டே மூணு மாசமாச்சு. மொதல்ல மடமடன்னு கொறைஞ்சுச்சு. இப்ப அசையவே மாட்டேங்குது ரஞ்சனி. என்னால முடியல."

"நடுவுல எல்லாருக்கும் இப்படித்தாங்க நிக்குமாம். மனச விட்டுடாதீங்க. சாப்பிட வாங்க," என்றாள் மனைவி சிவரஞ்சனி.

தட்டில் முட்டைப் பொரியலும், அரிசி, கோதுமை எதுவும் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால் பாதாம் மாவு ரொட்டியும் இருந்தன.

"முன்னல்லாம் இந்த ரொட்டி பிஞ்சு பிஞ்சு போவும். இப்ப நல்லா மெத்துன்னு வருதே!"

"செஞ்சு செஞ்சு கை பழகிடுச்சு."

அவன் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குக் கிளம்பிப் போனதும் போன் அடித்தது. அவனுடைய அண்ணனைச் சேர்த்திருந்த திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி பேசினாள்.

"ரஞ்சனி, தம்பிக்கு எடை கொறைஞ்சுச்சா?"

"இல்லக்கா. நின்ன எடத்துலயே நிக்குது."

மறுமுனையில் அழுகை கேட்டது.

"இவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சுடி. தம்பியோட ஈரல்ல கொழுப்பு கொறைஞ்சாத்தான் அதுல பாதிய வெட்டி இவருக்கு வைக்க முடியுமாம். இனிமே ரொம்ப நாள் தாங்காதுங்கறாரு டாக்டரு."

"அவரும் வாயக் கட்டிக்கிட்டுத்தான் கெடக்குறாருக்கா. அழுவாதீங்க. நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு சிவரஞ்சனி அடுக்களைக்குப் போனாள். பாதாம் மாவு டப்பா பாதி காலியாக இருந்தது. மைதா பாக்கெட்டைப் பிரித்து, டப்பா நிறையும்வரை அதில் கொட்டி, நன்றாகக் கலந்து மூடினாள்.